திருச்சியிலேர்ந்து சிங்கப்பூரும் துபாயும் ஒரே தூரம், நேரம் மட்டும் ஏன் வேற?

ஜூலை 11, ஒரத்தநாட்டு வாசகர் கேட்டது

அண்ணே, மேப்புல கோடு போட்டு அளந்து பாத்தேன். திருச்சியிலேர்ந்து சிங்கப்பூரும் துபாயும் கிட்டத்தட்ட ஒரே தூரந்தான் காட்டுது. ஆனா டிக்கெட்ல துபாய்க்கு 2 மணி 50 நிமிஷந்தான் வருது, சிங்கப்பூருக்கு 6 மணி 40 நிமிஷம் வருது. பூமி கிழக்கால சுத்துது, அதனால சிங்கப்பூர் நம்மள விட்டு ஓடுது, துபாய் நம்மள நோக்கி வருதுன்னு என் மச்சான் அடிச்சுச் சொல்றான். நெசமா?

ஜூலை 11, இரவு 9:50

தம்பி அளந்தது சரி. திருச்சியிலேர்ந்து சிங்கப்பூரோட சாங்கி ஏர்போர்ட்டுக்கு வான்வழி சுமார் 2,980 கி.மீ. துபாய்க்குச் சுமார் 2,940. வித்தியாசம் 40 கி.மீ., எங்க மன்னார்குடியிலேர்ந்து தஞ்சாவூர் போற தூரம்.

மச்சானுக்கு நாளைக்கு வரேன். முதல்ல டிக்கெட்டைப் பாருங்க. கிளம்புற நேரம் கிளம்புற ஊர்க் கடிகாரம், இறங்குற நேரம் இறங்குற ஊர்க் கடிகாரம். ரெண்டையும் அப்படியே கழிச்சா வர்றது பயண நேரம் இல்லை. சிங்கப்பூர் நமக்கு ரெண்டரை மணி முன்னால, துபாய் ஒன்றரை மணி பின்னால. காலை 10 மணிக்குத் திருச்சியில கிளம்பி 4 மணி 20 நிமிஷம் ஓடுனா நம்ம கைக்கடிகாரத்துல 2:20. துபாய்ச் சுவர்க் கடிகாரத்துல 12:50. ராத்திரி 1 மணிக்குக் கிளம்பி 4 மணி 10 நிமிஷத்துல சிங்கப்பூர் போனா நமக்கு விடிகாலை 5:10, அங்கே 7:40. உங்க 2:50-ம் 6:40-ம் அப்படி வந்ததுதான். ரெண்டு பேரும் சீட்ல உக்காந்திருந்தது ஏறக்குறைய அதே நாலேகால் மணி நேரம்.

டிக்கெட் போடுற கடை வெச்சிருக்கேன், இந்தக் கேள்வி வாராவாரம் வரும். திரும்பி வர்ற டிக்கெட்டைப் பாத்துட்டு வருவாங்க பாருங்க, அது இன்னும் ருசி. சிங்கப்பூர்ல சாயங்காலம் 7 மணி, திருச்சியில 8:45. "போறப்ப அவ்வளவு நேரம், வர்றப்ப ஒன்றே முக்கால் மணி நேரமா? வேற ஸ்பீடு பிளேனா தம்பி? அதுலயே போறதுக்கும் போடுங்க."

ஜூலை 12, காலை 7:15

மச்சானுக்கு.

நிலநடுக்கோட்டுல பூமி சுத்துற வேகம் மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. நம்ம டிக்கெட்ல வர்ற ஏர்பஸ் 320, போயிங் 737 வகையறா மணிக்கு 830 போல போகும். சிங்கப்பூர் 1,670ல ஓடுது, நாம 830ல துரத்துறோம்னா எப்பவும் எட்டிப்பிடிக்க முடியாது. டெல்டாவிலேர்ந்து அங்கே வேலைக்குப் போனவன் ஒருத்தனும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டான்.

பூமி மட்டும் சுத்தலை, அதைச் சுத்தியிருக்கிற காத்தும் சேர்ந்தே சுத்துது. விமானம் நீந்துறது அந்தக் காத்துக்குள்ள. ஓடுற பஸ்ஸுக்குள்ள வேர்க்கடலைப் பொட்டலத்தை முன் சீட்டுக்குத் தூக்கிப் போட்டாலும் பின் சீட்டுக்குத் தூக்கிப் போட்டாலும் ஒரே பலம்தான் வேணும். மச்சானைத் தஞ்சாவூர் பஸ்ல ஏத்திச் செஞ்சு பாக்கச் சொல்லுங்க.

ஜூலை 12, காலை 7:40

ஆனா காத்து பூமியோட கச்சிதமா ஒட்டிக்கிட்டே சுத்துறதில்லை. மேல அதுக்குத் தனி ஓட்டம் உண்டு. மச்சான் பக்கம் கொஞ்சம் ஞாயம் இருக்குன்னா அந்த இடத்துலதான். கடை திறக்கணும், ராத்திரி எழுதுறேன்.

ஜூலை 13, இரவு 11:05

நேத்து ராத்திரி முடியலை. காத்துக்கு வருவோம்.

இப்ப ஆடி பொறக்கப் போகுது, கீழே தென்மேற்குக் காத்து தென்னையைப் புடிச்சு ஆட்டுது. மேல 10, 12 கி.மீ. உசரத்துல கதை தலைகீழ். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தென்னிந்தியாவுக்கு மேல கிழக்கேர்ந்து மேற்கா ஒரு பெருங்காத்து ஓடுது. வெப்பமண்டலக் கீழை ஜெட் காத்துன்னு பேரு. அதை ஆராய்ஞ்சு உலகத்துக்குச் சொன்னவர்ல முக்கியமானவர் நம்ம நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம், 1950கள்ல. திபெத் பீடபூமி கோடையில சூடாகி, அதுக்கு மேல இருக்கிற காத்தும் சூடாகுறதுதான் இந்த ஓட்டத்துக்குப் பெரிய காரணம். அதோட உச்ச பலம் நம்ம விமானம் போற உசரத்துக்கும் மேல, 14, 15 கி.மீ.ல. நமக்குக் கிடைக்கிறது அதோட அடிப்பகுதி. அதுவே போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 830ல போற விமானத்துக்கு எதிர்க்காத்து 50 கி.மீ.ன்னா தரைக்கு மேல 780ல போகும். 2,980ஐ 780ஆல வகுத்தா 3 மணி 49 நிமிஷம். அதே 50 பின்னாலேர்ந்து தள்ளுனா 880, 3 மணி 23 நிமிஷம். 26 நிமிஷ வித்தியாசம். ஆக இந்த மாசத்துல சிங்கப்பூர் போறவருக்கு எதிர்க்காத்து, அங்கேர்ந்து வர்றவருக்குத் தள்ளுகாத்து.

துபாய்க்கு வேற கதை. குளிர்காலத்துல வட இந்தியாவுக்கும் வளைகுடாவுக்கும் மேல மேற்கேர்ந்து கிழக்கா ஒரு ஜெட் காத்து இறங்கி வரும். மார்கழி, தையில துபாய் போறப்ப கடைசிப் பாதி வழியில அது மூஞ்சிக்கு நேரா அடிக்கும், திரும்பறப்ப முதுகுல தள்ளும். வளைகுடாவிலேர்ந்து பொங்கலுக்கு வர்றவங்க, "நாலு மணி நேரங்கூட ஆகலைங்க, அதுக்குள்ள இறக்கிட்டான்"னு சொல்றது அதனால.

ஜூலை 14

மச்சான் ஒத்துக்கலையாம். பஸ் வேற, பூமி வேறன்னாராம். சரி விடுங்க தம்பி, மாப்பிள்ளை முறுக்குக்கு மருந்து கிடையாது.

ஜூலை 16, மதியம் 3:20

திருத்துறைப்பூண்டிக்காரர் கேட்டது நல்ல கேள்வி: "2,980 கி.மீ., 830 வேகம்னா 3 மணி 35 நிமிஷந்தான் வருது. மீதி அரை மணிக்கு மேல எங்க போச்சு?"

டிக்கெட்ல போடுறது வானத்துல இருக்கிற நேரம் இல்லைங்க. சக்கரத்துக்குக் குடுத்த கட்டையை எடுக்கிறதுலேர்ந்து, அங்கே போய் மறுபடியும் கட்டை குடுக்கிற வரைக்கும். அதுக்குப் பிளாக் டைம்னு பேரு. அதுக்குள்ள இவ்வளவும் அடக்கம்: ஓடுதளத்துக்கு ஊர்ந்து போறது, மேல ஏறுற வரைக்கும் மெதுவாப் போறது, கீழே இறங்க வரிசையில நிக்கிறது, இறங்கினப்புறம் கேட்டைத் தேடி ஊர்றது. சாங்கியில இறங்கினவங்களுக்குத் தெரியும். சக்கரம் தரையில பட்டதும் பெல்ட்டைக் கழட்டி, மேல இருக்கிற பையை எடுக்க எந்திரிப்பாங்க, "உக்காருங்க சார்"னு சத்தம் வரும், அதுக்கப்புறமும் மாயவரம் பாசஞ்சர் மாதிரி ஊர்ந்துக்கிட்டே போகும். திருச்சியில அந்தப் பாடு கிடையாது. ஓடுதளம் ஒண்ணே ஒண்ணு, இறங்கித் திரும்புனா கட்டடம்.

இதுபோக கம்பெனிக்காரங்க கொஞ்சம் கூட்டியே போடுவாங்க. பத்து நிமிஷம் முன்னால கொண்டுபோய் விட்டா நல்ல பேரு, பத்து நிமிஷம் பின்னால போனா திட்டு. நானாயிருந்தாலும் கூட்டித்தான் போடுவேன்.

ஜூலை 17, இரவு 10:30

நேரத்தைப் பத்திப் பேசுறோம், தேதியை விட்டுட்டோமே. நேரத்தைத் தப்பாப் படிச்சா சிரிச்சுட்டுப் போயிடலாம். தேதியைத் தப்பாப் படிச்சா பணம் போச்சு.

திருச்சியில நடுராத்திரி விமானம் உண்டு. டிக்கெட்ல "14ஆம் தேதி 00:40"ன்னு இருக்கும், அதாவது 13ஆம் தேதி ராத்திரி 12 மணி தாண்டி 40 நிமிஷம். நம்ம சனத்துக்கு விடியிற வரைக்கும் முதல் நாள்தான். 14ஆம் தேதி பகல் முழுக்க மூட்டை கட்டி, சாமி கும்பிட்டு, ராத்திரி சாப்பிட்டுட்டு வேன்ல குடும்பமே ஏறி 10 மணிக்கு ஏர்போர்ட் வாசல்ல போய் நிப்பாங்க. வாசல்ல நிக்கிற காவலர் டிக்கெட்டை வாங்கி டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "இது நேத்தே போயிடுச்சேம்மா" என்பார். வடுவூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தவங்க, மகளுக்குப் பிரசவம் பாக்கப் போகக் கிளம்பி, பத்திய மருந்து, காயப் பொடி எல்லாம் அட்டைப்பெட்டியில கட்டி எடுத்துட்டுப் போய் அப்படியே திரும்பி வந்தாங்க. மறுநாள் காலையில என் கடை பெஞ்சுல உக்காந்து ஒரு வார்த்தை பேசலை. அவங்க டிக்கெட் வேற எங்கயோ போட்டது, இருந்தாலும் எனக்குச் சோறு இறங்கலை.

அதிலேர்ந்து 00 எந்த டிக்கெட்ல வந்தாலும் சிவப்புப் பேனாவால வட்டம் போட்டு ஓரத்துல எழுதிடுறது: "ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பாடு வீட்ல இல்லை, வழியில." தேதி எழுதுனா குழம்புவாங்க. கிழமையும் சாப்பாடும் எழுதுனா குழம்ப மாட்டாங்க.

ஜூலை 20, காலை 11:00

நேரடி விமானம் விலை ஏறிப்போச்சுன்னா கோலாலம்பூர் வழி போடலாமா, கொழும்பு வழி போடலாமான்னு மூணு பேர் கேட்டிருக்காங்க. தூரத்தை மட்டும் பாத்தா ஆச்சரியமா இருக்கும்.

திருச்சி–கோலாலம்பூர் சுமார் 2,690. அங்கேர்ந்து சிங்கப்பூர் 300க்குப் பக்கம். கூட்டுனா 2,990ஐத் தொடாது. நேரடியாப் போறதை விட அஞ்சு, ஆறு கி.மீ.தான் கூட. கோலாலம்பூர் நம்ம சிங்கப்பூர்ப் பாதையிலயே உக்காந்திருக்கு. கொழும்பு வழின்னா முதல்ல தெக்கே 420 கி.மீ., அப்புறம் 2,750. சுமார் 190 கி.மீ. கூட வரும். அதுவும் பெரிசில்லை, கால் மணி நேரம்.

ஆனா காத்திருப்புன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு தடவை ஏறி, ரெண்டு தடவை இறங்கி, நடுவுல நாலு மணி நேரம் இரும்பு நாற்காலியில உக்காந்திருந்தா, அஞ்சு கி.மீ. கூடுன பயணம் பத்து மணி நேரம் ஆயிடும். காசு மிச்சமாகும், இடுப்பு மிச்சமாகாது. சின்னப் பசங்க போகலாம்.

ஜூலை 21

காரைக்கால்காரர் இடையில புகுந்து பாரிஸுக்குக் கணக்கு கேக்குறார். அவங்க ஊர்ல பிரெஞ்சுக் குடியுரிமை வெச்சிருக்கிற குடும்பம் நிறைய, கேக்கத்தானே செய்வாங்க.

திருச்சி–பாரிஸ் நேர்கோட்டுல சுமார் 8,100 கி.மீ. துபாய்ல மாறிப் போனா 2,940 கூட்டல் 5,240, ஆக 8,180. எண்பது கி.மீ.தான் கூட. சுவர்ல மாட்டுற தட்டை மேப்புல கோடு போட்டா துபாய் அந்தக் கோட்டுக்குப் பக்கத்துலயே நிக்கும். கோள உருண்டை ஒண்ணு வாங்கி, நம்ம ஊருக்கும் பாரிஸுக்கும் நூலை இழுத்துப் புடிச்சுப் பாருங்க. நூல் அரபிக்கடலைத் தாண்டி ஈரானுக்கு மேல போகும், துபாய் அதுக்குக் கொஞ்சம் தள்ளித்தான். விமானம் போறதும் அந்த நூல் வழியை ஒட்டித்தான்.

"திருச்சியிலேர்ந்தே நேரா விடலாமே"ன்னா, திருச்சி ஓடுதளம் சுமார் 2,480 மீட்டர். எட்டாயிரம் கி.மீ.க்கு எண்ணெய் ரொப்பிக்கிட்டு, ஆளும் சாமானும் நிறைய ஏத்திக்கிட்டு, சித்திரை வெயில்ல பெரிய விமானம் எந்திரிக்க அது பத்தாது. சூட்டுல காத்து லேசாகும், றெக்கைக்குப் பிடிமானம் குறையும், ஓட்டம் இன்னும் நீளமா வேணும். 2024ல புது முனையம் பளபளன்னு வந்துச்சு. கட்டடம் நீண்டுச்சு, ஓடுதளம் அதே நீளந்தான்.

தஞ்சாவூர்ல ஓடுதளம் இருக்கேன்னு யாரும் ஆரம்பிக்காதீங்க. அது விமானப்படைத் தளம். 2020லேர்ந்து அங்கே சுகோய் போர் விமானம் நிக்குது. சத்தம் மட்டும் நமக்கு இலவசம்.

ஜூலை 24, இரவு 9:15

நாகப்பட்டினத்துப் பெரியவர் ஒருத்தர் எழுதினதைப் படிச்சதும் எங்க பெரியப்பா ஞாபகம் வந்துடுச்சு. அவர் சிங்கப்பூர் போனது கப்பல்ல, "ரஜூலா"வுல. 1926ல கட்டின கப்பல், 1970களோட தொடக்கம் வரைக்கும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு ஓடிக்கிட்டிருந்துச்சு. கரையேற ஒரு வாரம் ஆகும். நாகையில கப்பல் கரைக்கு வராது, தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும், படகுல போய் ஏணியில ஏறணும். பெரியப்பா அந்த ஏணியைப் பத்தி மட்டும் அரை மணி நேரம் பேசுவார், மீதி ஒரு வாரத்துக்கு ஒரே சொல்: "வாந்தி."

அதுக்கப்புறம் "எம்.வி. சிதம்பரம்" ஓடுச்சு. 1985 பிப்ரவரியில நடுக்கடல்ல தீப்புடிச்சு உயிர்ச்சேதம் ஆச்சு. அந்தக் கப்பலோட காலம் அத்தோட முடிஞ்சுது.

பெரியப்பா கடைசி வரைக்கும் சிங்கப்பூருக்கும் நமக்கும் ரெண்டு மணி நேரந்தான் வித்தியாசம்னு சொல்லிக்கிட்டிருந்தார். அவர் பொய் சொல்லலை. அவர் காலத்துல அப்படித்தான். 1982 பொறந்தப்பதான் மலேசியாவோட சேர்ந்து சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளி வெச்சுது.

ஜூலை 25

கப்பல்னதும் இன்னொண்ணு. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை 2023 அக்டோபர்ல தொடங்கி, நின்னு, 2024 ஆகஸ்ட்ல மறுபடியும் கிளம்பிச்சு. கடல் வழி 110 கி.மீ. போல, ஆகுற நேரம் நாலு மணி சுமாருக்கு. திருச்சியில ஏறுனவர் சாங்கியில பொட்டி எடுக்கிற நேரமும், நாகையில ஏறுனவர் யாழ்ப்பாணக் கரையில கால் வெக்கிற நேரமும் ஒண்ணு. தூரம் 27ல ஒரு பங்கு.

ஆகஸ்ட் 1

"தூரமே இல்லாம நேரம் மட்டும் ஆனா?"ன்னு ஒருத்தர் கிண்டல் பண்ணியிருக்கார். ஆயிருக்கே. 2024 அக்டோபர் 11, திருச்சியிலேர்ந்து ஷார்ஜா கிளம்பின விமானத்துல ஹைட்ராலிக் கோளாறு, அதாவது சக்கரம், பிரேக் மாதிரி பாகங்களை இயக்குற அழுத்தத் திரவ அமைப்புல கோளாறு. உடனே இறக்க முடியாது, எண்ணெய் நிறைய இருக்கு, எடை தாங்காது. அந்த வகை 737ல எண்ணெயை வானத்துல கொட்டுற வசதியும் கிடையாது. எரிச்சுத்தான் தீக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு மேல சுத்திக்கிட்டே இருந்துட்டு 141 பேரோட பத்திரமா திருச்சியிலயே இறக்கினாங்க. அன்னிக்கு என் கடை போன் ஓயலை. "மாமா, எங்க வீட்டுக்காரரு அதுலயா?" யார் பேரும் என் லிஸ்ட்ல இல்லை, ஆனா அதைச் சொல்றதுக்குள்ள அடுத்த போன். கடை டிவியைப் பாத்துக்கிட்டு ரோட்ல போறவங்கல்லாம் நின்னுட்டாங்க. இறங்கினதும் டீக்கடைக்காரர் யாரையும் கேக்காம எல்லார் கையிலயும் ஒரு டீயைக் குடுத்துட்டுப் போனார்.

ஆகஸ்ட் 4, இரவு 10:10

கூத்தாநல்லூர் பாய் கேட்டதுக்கு: நோன்பு வெச்சுக்கிட்டு பகல்ல சிங்கப்பூர்லேர்ந்து திருச்சி வந்தா நோன்பு எவ்வளவு நேரம் நீளும்? மார்க்கத்துல எப்படின்னு ஹஜ்ரத்தைக் கேளுங்க, கணக்கு மட்டும் நான் சொல்றேன்.

கடிகாரம் ரெண்டரை மணி வித்தியாசம் காட்டினாலும் சூரியன் அப்படிக் காட்டாது. சூரியன் ஒரு பாகை தீர்க்கரேகை தாண்ட 4 நிமிஷம். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் 25 பாகை சொச்சம், ஆக 101 நிமிஷம். கடிகாரம் அதை விட 40, 50 நிமிஷம் கூடக் காட்டுறது சிங்கப்பூர் கடிகாரம் சூரியனை விட ஒரு மணி நேரத்துக்கு மேல முந்தி ஓடுறதால. அங்கே 7 மணிக்கு விடிஞ்சு 7 மணிக்கு மேலதான் இருட்டும், போனவங்களுக்குத் தெரியும். ஆக உங்க நோன்பு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நீளும். இங்கேர்ந்து பகல்ல அங்கே போனா அதே அளவு குறையும்.

சாயங்கால விமானத்துல மேற்கே வந்தா ஒரு வேடிக்கை. பூமி சுத்துறது 1,670, நாம மேற்கால ஓடுறது 830. சூரியன் பாதி வேகத்துலதான் இறங்கும். சன்னல்ல முகத்தை ஒட்டிக்கிட்டு றெக்கை நுனிக்கு முன்னால பாத்தா, செவப்பு மங்குற மாதிரி இருக்கும், மங்காது. சாப்பாட்டுத் தட்டை எடுத்துட்டுப் போனப்புறமும் அப்படியே நிக்கும். போதாக்குறைக்கு அந்த உசரத்துலேர்ந்து அடிவானம் கீழே தள்ளிப் போயிடும், தரையில மறைஞ்ச சூரியன் மேல இன்னும் பத்து நிமிஷத்துக்கு மேல தெரியும். கீழே ஊர்ல பாங்கு சொல்லியிருப்பாங்க, உங்களுக்கு வெளிச்சம் இருக்கும். பேரீச்சம்பழம் கையிலயே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 6, காலை 8:30

மன்னார்குடியிலேர்ந்து அம்மாவைத் தனியா சிங்கப்பூருக்கு அனுப்புறேன், மொத்தம் எவ்வளவு நேரம் கணக்கு வெக்கணும்னு கேட்ட தங்கச்சிக்கு.

வான நேரத்தை விடும்மா, வீட்டுப் படியிலேர்ந்து கணக்குப் போடு. வடுவூர், தஞ்சாவூர், செங்கிப்பட்டி வழியா ரெண்டரை மணி நேரம். துவாக்குடியில அரைவட்டச் சாலை புடிச்சா திருச்சி ஊருக்குள்ள போக வேணாம், நேரா புதுக்கோட்டை ரோட்டுக்கு வந்துரலாம். டிரைவர் "எனக்குத் தெரியும்மா"ன்னு சொன்னாலும் நீ ஒருதரம் சொல்லிடு. கிளம்புறதுக்கு மூணு மணி முன்னால அங்கே இருக்கணும், ஒரு மணி முன்னால கவுண்டர் மூடிருவாங்க. அப்புறம் நாலேகால் மணி, அங்கே குடியேற்ற வரிசை, பொட்டி. பத்து, பதினோரு மணி நேரம். அதுல பாதிக்கு மேல தரையிலதான்.

கோலாலம்பூர் வழி மலிவா இருந்தாலும் அம்மாவுக்கு வேணாம், நேரடியாவே போடு. சக்கர நாற்காலி வேணும்னு டிக்கெட் போடும்போதே சொல்லிடணும், கவுண்டர்ல போய்க் கேட்டா உக்கார வெச்சுருவாங்க. ஊறுகாயைக் கைப்பையில வெக்காதே, பெரிய பொட்டியில போடு.